ஆஸ்திரேலியாவில், வட ஆட்புலத்தின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடிக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 600 கி.மீ. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் காரில் போனால் 690. விமான நேரம் கேட்டால், தூரம் கணக்கிடும் தளங்கள் ‘ஒன்றேகால் மணி’ என்று கூசாமல் சொல்லும். அதை நம்பி விடுதிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். நேர்கோட்டுத் தூரத்தை ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் வரும் எண் அது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடிப் பயணிகள் விமானமே கிடையாது.

பறந்துதான் போவேன் என்றால் அடிலெய்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். தெற்கே 1,300 கி.மீ. போய் இறங்கி, மறுபடி வடக்கே 750 கி.மீ. ஏற வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம். கூபர் பீடிக்குப் போவது 34 பேர் உட்காரும் சாப் 340, புரொப்பெல்லர் விமானம். அது தினமும் கிடையாது என்பதால் அடிலெய்டில் ஓர் இரவு தங்க நேரலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன செஸ்னா விமானத்தை வாடகைக்கு எடுத்தால் இரண்டு மணிக்குச் சற்று மேல் ஆகும். பணமிருந்தால் செய்யுங்கள்.

அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே ஓடும் கான் ரயில் கூபர் பீடிக்குச் சுமார் 40 கி.மீ. தள்ளி மங்குரியில் நிற்கும். ஆனால் அது சொகுசுச் சுற்றுலா ரயில், ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கானதல்ல.

என்னைக் கேட்டால் கார்தான். தார்ச்சாலை, நேரான சாலை, ஏழு ஏழரை மணி நேரம். வேக வரம்பு வட ஆட்புலத்தில் 130, எல்லை தாண்டித் தென் ஆஸ்திரேலியாவுக்குள் 110. பெட்ரோலுக்கு எர்ல்டண்டா, குல்கெரா, மார்லா என்று வரிசையாக ரோட்ஹவுஸ்கள் உண்டு. ஆனால் குல்கெராவிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 180 கி.மீ., மார்லாவிலிருந்து கூபர் பீடி வரை 230க்கு மேல். பாதி டேங்க் இருக்கிறதே என்று எதையும் தாண்டிப் போகாதீர்கள். இருட்டுவதற்குள் ஊர் சேருங்கள். கங்காருவும் மாடும் சாலைக்கு வருவது அந்தி நேரத்தில்தான். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாதென்று வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் நிபந்தனையே இருக்கும். வழியில் தின்ன வாங்கிய பழங்களை எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். பழ ஈக்குப் பயந்து தென் ஆஸ்திரேலியா அவற்றை உள்ளே விடுவதில்லை.

(இந்த நெடுஞ்சாலையில் சில இடங்களில் தாரின் மேல் பியானோ கட்டைகள் போல வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். தொலைதூர ஊர்களுக்கு மருத்துவ உதவி கொண்டுபோகும் ‘பறக்கும் மருத்துவர்’ விமானம் அவசரத்துக்கு இறங்க சாலையே ஓடுதளம். நிறுத்திப் படம் எடுக்கும் இடமல்ல!)

இன்னொன்று, கடிகாரம். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை தென் ஆஸ்திரேலியா ஒரு மணி நேரம் முன்னே ஓடும், ஆலிஸ் ஓடாது. டிசம்பரில் காலை 7 மணிக்குக் கிளம்பி, டீ குடிக்க நிறுத்தி எட்டு மணி நேரத்தில் சேர்ந்தால், கூபர் பீடியில் மணி நாலு. விடுதியில் சாவி வாங்குவது, ஓப்பல் ரத்தினக்கல் சுரங்கம் சுற்றிப் பார்ப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்தை வைத்தே திட்டமிடுங்கள்.