வாசகர் கேள்வி பதில்: கல்லாவும் டேஷ்போர்டும் ஒத்துப்போக

கேள்வி: பினாங்கு லெபோ பசாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம், பட்டர்வொர்த்தில் ஒரு கிளை. பில் மென்பொருள் மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளத்தில் ஓடுகிறது. அதை கூகுள் பிக்குவெரியுடன் (அறிக்கைகளுக்கான கிளவுட் தரவுக் கிடங்கு) இணைத்தாகிவிட்டது, இணைப்புச் சோதனையும் பச்சை காட்டுகிறது. ஆனால் இரவு கல்லா கட்டும் தொகையும் டேஷ்போர்டு தொகையும் ஒரு நாளும் ஒத்துப்போவதில்லை. மாதக் கூட்டலில் வித்தியாசம் சுருங்குகிறது, தீரவில்லை. ஏன்?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: நாள் கணக்கு அதிகமாகவும் மாதக் கணக்கு கொஞ்சமாகவும் இடித்தால், பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கும். முதலாவது நேரம். மைஎஸ்கியூஎல்லின் 'டேட்டைம்' வகைக்கு நேர மண்டலம் கிடையாது. கடைக் கடிகாரம் காட்டியதை அப்படியே வைத்திருக்கும். தரவை பிக்குவெரிக்குக் கொண்டுபோகும் மென்பொருளான இணைப்பான் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ள, டேஷ்போர்டு மலேசிய நேரத்துக்காக மேலும் 8 மணி நேரம் கூட்டினால், 14ஆம் தேதி இரவு 8.15க்குப் போட்ட பில் 15ஆம் தேதி விடிகாலை 4.15 ஆகிவிடும். மாலை 4 மணிக்குப் பிறகு நடந்த வியாபாரம் முழுவதும் மறுநாள் கணக்கில் போய் விழும். ஜவுளிக்கடைக்குக் கூட்டம் வருவதே அந்த நேரத்தில்தானே!

இரவில் போட்ட ஒரே ஒரு பில்லை எடுங்கள். மூலத் தரவுத்தளம், பிக்குவெரியில் முதலில் வந்து இறங்கும் டேபிள், டேஷ்போர்டு ஆகிய மூன்றிலும் அதன் நேரத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் 8 மணி நேரம் தாவுகிறதோ, திருத்த வேண்டியது அங்கேதான். மூலத்தில் 'டேட்டைம்' என்றால் பிக்குவெரியிலும் 'டேட்டைம்' ஆகவே இறக்குங்கள், எங்கும் மாற்ற வேண்டாம். 'டைம்ஸ்டாம்ப்' என்றால் கதை வேறு. அது உள்ளே யூடிசியில் இருக்கும், படிக்கும் செஷனின் (தரவுத்தளத்துடனான அந்த இணைப்பின்) நேர மண்டலத்துக்கு ஏற்ப மாறி வெளியே வரும். இணைப்பானின் செஷனை +00:00 என்று வைத்து, 'ஏசியா/கோலாலம்பூர்' மாற்றத்தை அறிக்கைக் குவெரியில் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, அழிக்கப்பட்ட பில்கள். 'கடைசியாக மாற்றிய நேரம்' என்ற நெடுவரிசையைப் பார்த்துப் புதியதை மட்டும் இழுக்கும் முறையில், அழிந்த பதிவு கண்ணில் படவே படாது. கடையில் ரத்தான பில் டேஷ்போர்டில் உயிரோடு நிற்கும். இதற்கு பின்லாக் (தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை மைஎஸ்கியூஎல் எழுதிவைக்கும் பதிவேடு) வழியாகப் படிப்பதே சரியான முறை. பின்லாக் இயங்க வேண்டும், வடிவம் 'ரோ' (மாறிய பதிவையே எழுதுவது), ரோ இமேஜ் 'ஃபுல்', அதாவது பதிவின் எல்லா நெடுவரிசைகளும் (8-இல் இவை மூன்றும் இயல்பிலேயே அப்படித்தான்). இணைப்பானுக்குத் தனிப் பயனர், அவருக்கு செலெக்ட் (டேபிளைப் படிக்க), ரெப்ளிகேஷன் ஸ்லேவ், ரெப்ளிகேஷன் கிளையண்ட் (பின்லாக்கைப் படிக்க) ஆகிய மூன்று உரிமைகள் போதும். பின்லாக்கை வைத்திருக்கும் காலம் இயல்பாக 30 நாள், ஆனால் கிளவுட் சேவைகளில் மிகக் குறைவாக இருக்கக்கூடும். குறைந்தது 7 நாளாக்குங்கள். இணைப்பான் அதைவிட நீண்ட நேரம் நின்றுபோனால், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்படியும் ஒரு பொறி உண்டு. பில் டேபிளுக்கும் பில் வரி (பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வரிசை) டேபிளுக்கும் இடையே 'டெலீட் கேஸ்கேட்' (பில்லை அழித்தால் அதன் வரிகளும் தானாக அழியும் ஏற்பாடு) வைத்திருந்தால், பில்லை அழித்தது பின்லாக்கில் வரும். அதனோடு தானாக அழிந்த வரிகள் வராது. மைஎஸ்கியூஎல் 8-இல் அந்த வேலையை அதன் சேமிப்பு எந்திரமான இன்னோடிபி உள்ளுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. ஆகவே விற்பனைக் கூட்டலில், பில் இருக்கும் வரிகளை மட்டும் சேருங்கள்.

சில்லறை வித்தியாசம் இன்னும் மிஞ்சினால் ரவுண்டிங்கைப் பாருங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கப் பில் 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது: 12.43 வெள்ளி 12.45 ஆகும், 12.42 வெள்ளி 12.40 ஆகும். கல்லாவில் இருப்பது அந்தத் தொகை. மென்பொருள் இந்தச் சரிக்கட்டலைத் தனி நெடுவரிசையில் வைத்திருந்தால் அதையும் கொண்டுவர வேண்டும். பணத்துக்கு 'நியூமெரிக்' (துல்லியத் தசமம்) வகைதான், 'ஃப்ளோட்' (தோராய எண்) கூடவே கூடாது.

கேள்வி: வாடிக்கையாளர் டேபிளில் அடையாள அட்டை எண் இருக்கிறது. அந்த நெடுவரிசைக்கு மட்டும் இணைப்பான் பயனருக்கு செலெக்ட் உரிமை தராமல் விட்டால் போதுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சாதாரண குவெரி என்றால் போதும். பின்லாக் என்றால் போதாது, ஏனெனில் முழுப் பதிவும் அதில் போகிறது. இணைப்பானின் அமைப்பிலேயே அந்த நெடுவரிசையை விலக்குங்கள். வாடிக்கையாளரை அடையாளம் காணத்தான் வேண்டும் என்றால் வெறும் ஹேஷ் (எண்ணை அடையாளம் தெரியாத குறியாக மாற்றுவது) போடாதீர்கள். 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடக் குறியீடு. ஆகவே சாத்தியமான எல்லா எண்களையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம். ரகசியச் சாவியோடு ஹேஷ் செய்து, சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வையுங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் கடைக்கும் பொருந்தும். அறிக்கைக்குத் தேவையில்லாத எண்ணை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 14. இணைப்பானை நிறுத்தி வைத்தோம், சர்வர் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?
– வாசகர், செந்தூல்

பதில்: ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இணைப்பான் எதுவரை படித்தது என்று தரவுத்தளம் வைத்திருக்கும் குறிப்பு) அப்படியே இருக்கிறது. இணைப்பான் திரும்பி வரும் என்று அது வால் (WAL, மாற்றங்களை எழுதிவைக்கும்) கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறது. கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், தரவுத்தளமே எழுந்திருக்காமல் போகலாம். இணைப்பான் தேவையென்றால் உடனே ஓடவிடுங்கள். தேவையில்லை என்றால் ஸ்லாட்டை நீக்குங்கள், அடுத்த செக்பாயிண்டுக்குப் (தரவுத்தளம் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பின் இடம் திரும்பும். ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்து வைக்கலாம் என்று சொல்லும் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' அமைப்பு இயல்பில் வரம்பில்லாமல் இருக்கும். டிஸ்க்கின் அளவைப் பார்த்து அதற்கு ஒரு வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போய் மறுபடி முழுதாக ஏற்ற வேண்டிவரும், ஆனால் கடையின் பில் மெஷின் நிற்காது.