85 சதவீதம் சரியாகச் சொல்லும் மென்பொருளை நம்பலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அருகே கோபாலபுரம் பக்கம் நார் மில் வைத்திருக்கிறேன். பாலக்காடு, ஆலப்புழை பகுதியில் 40 பார்ட்டிகளுக்குக் கடனில் சரக்கு போகிறது. இதுவரை அதில் 6 பேர் கடையை மூடிவிட்டார்கள். அடுத்து யார் நொடிப்பார் என்று நியூரல் நெட்வொர்க் (பழைய கணக்குகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள்) 85 சதவீதம் சரியாகச் சொல்லுமாம், வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 40 பேரில் 34 பேர் நிற்கிறார்கள். ‘எல்லாரும் நிற்பார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 85 சதவீதம் வந்துவிடும்! விழுந்த 6 பேரில் எத்தனை பேரை முன்கூட்டியே பிடித்தது என்று கேளுங்கள். அதுவும் பழைய வருடக் கணக்கில் பழக்கி, அடுத்த வருடங்களில் சோதித்ததாக இருக்க வேண்டும்.

லாபம், கடன் போன்றவற்றின் ஐந்து விகிதங்களை உள்ளே கொடுத்து, நடுவில் ஐந்து கணுக்கள் (கணக்கிடும் முனைகள்) வைத்து, ஒரு விடை வாங்கும் சின்ன நெட்வொர்க்கிலேயே 36 எடைகள், அதாவது மென்பொருள் தானே பொருத்திக்கொள்ள வேண்டிய எண்கள், இருக்கும். 40 பார்ட்டிகளின் கணக்கை வைத்து 36 எடைகளைப் பொருத்தினால் அது மனப்பாடம்தான் செய்யும். 1990இல் ஓடம், ஷர்தா என்ற இரு ஆய்வாளர்கள் நியூரல் நெட்வொர்க் திவாலைக் கணிக்குமா என்று சோதித்தபோது 129 நிறுவனங்களின் கணக்கு கையில் இருந்தது. இதைவிட எளிய புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கும் ஆறு திவால் போதாது. ஒரு விகிதத்துக்குக் குறைந்தது பத்து திவால் இருக்க வேண்டும் என்பார்கள்.

உங்களுக்கு, திவாலை முன்கூட்டியே கணிக்க எட்வர்ட் ஆல்ட்மன் என்ற நிதித்துறைப் பேராசிரியர் தந்த சூத்திரம் போதும். 1968இல் வந்த மூலச் சூத்திரம் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கானது. விற்பனையைச் சேர்க்காத பிந்தைய வடிவத்தை எடுங்கள். நடைமுறை மூலதனம் (நடப்புச் சொத்தில் நடப்புக் கடனைக் கழித்தது), சேர்ந்த லாபம் (இதுவரை எடுக்காமல் தொழிலிலேயே விட்ட லாபம்), வட்டி வரிக்கு முந்தைய லாபம் மூன்றையும் மொத்தச் சொத்தால் வகுத்து, முறையே 6.56, 3.26, 6.72 ஆல் பெருக்குங்கள். சொந்த மூலதனத்தை மொத்தக் கடனால் வகுத்து 1.05 ஆல் பெருக்குங்கள். நான்கையும் கூட்டினால் 1.10க்குக் கீழே ஆபத்து, 2.60க்கு மேலே பத்திரம். இது உற்பத்தி அல்லாத தொழில்களுக்கு வந்ததுதான். இருந்தாலும் சுற்று பில் (சரக்கு நகராமல் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போடும் பில்) போட்டு விற்பனையை ஊதிக் காட்டுபவர்களிடம் ஏமாற வைக்காது.

ஒரு பார்ட்டியின் கணக்கு, லட்சத்தில்: மொத்தச் சொத்து 100, நடைமுறை மூலதனம் 5, சேர்ந்த லாபம் 10, வட்டி வரிக்கு முந்தைய லாபம் 6, சொந்த மூலதனம் 25, கடன் 75, விற்பனை 120. கூட்டினால் 1.41, ஆபத்துக் கோட்டுக்கு மேலே. ஆனால் வரவேண்டிய பாக்கியில் 15 லட்சம் வருடக்கணக்கில் வராத பணம் என்று வையுங்கள். அதைச் சொத்து, நடைமுறை மூலதனம், சேர்ந்த லாபம், சொந்த மூலதனம் நான்கிலும் கழித்தால் விடை –0.35! சந்தையில் இல்லாத உற்பத்தி நிறுவனங்களுக்கான, விற்பனையையும் சேர்க்கும் வடிவத்தில் இதே கணக்கு 1.64இலிருந்து 1.55க்குத்தான் இறங்குகிறது. அதனால் சூத்திரத்தைத் தொடும் முன் பாக்கிப் பட்டியலை வயது வாரியாகக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் பார்ட்டியைத் தனியாகக் குறித்துவையுங்கள். தனிநபர், கூட்டு நிறுவனமானால் சேர்ந்த லாபம் தனியாக இருக்காது; மூலதனக் கணக்கிலிருந்து கொண்டுவந்த பணத்தைக் கழித்தால் கிடைப்பதை எடுங்கள். உறவினர் கைமாற்றைக் கடனில் சேருங்கள்.

பேலன்ஸ் ஷீட் கைக்கு வர அக்டோபர் ஆகிவிடும். அதுவரை ஜிஎஸ்டி தளத்தில் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு (கேரளப் பார்ட்டிக்கு 32இல் தொடங்கும்) 3பி என்ற வரிக் கணக்குப் படிவத்தின் தாக்கல் தேதிகளைப் பாருங்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர் தொடர்ந்து இரண்டு மாதம் 20ஆம் தேதிக் கெடுவைத் தாண்டி, சூத்திரத்தின் விடையும் 1.10க்குக் கீழே இருந்தால் அடுத்த லோடு ரொக்கத்துக்கு மட்டும்.