எழுதாமல் விட்ட மூன்று வருடம்

கேள்வி: அக்கா, நான் தருமபுரம். வயது 31. போன வருடம் கலியாணம் முடிந்தது. அவர் ஸ்காபரோவில், கனடா நிரந்தர வதிவிடம் உள்ளவர். இப்போது ஸ்பொன்சர் பாரம் நிரப்புகிறோம். பத்து வருடக் கதையை மாதம் மாதமாகக் கேட்கிறார்கள். முகமாலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தேன். 2018இல் ஒப்பந்தம் முடிந்தது என்று நிற்பாட்டினார்கள். பிறகு அம்மாவுக்குச் சுகமில்லை, மூன்று வருடம் வீட்டில்தான். 2021இல் கார்மென்ட்ஸுக்குப் போய், கலியாணத்தோடு விட்டேன். வெடி வேலையை எழுதினால் ஆமியோடு வேலை செய்தவள் என்று நினைப்பார்களாம், மூன்று வருடம் சும்மா இருந்ததும் பிழையாம். பரந்தனில் ஒரு கடையில் வேலை செய்ததாகக் கடிதம் எடுத்துத் தாறேன் என்கிறார் ஏஜென்சிக்காரர். விசிட்டர் விசா கிடைத்தால் போய் அங்கேயே காத்திருக்கலாம் என்கிறார் இவர். மாமி முறையான ஒருவர் சமையல்கூடத்தில் கைக்காசு வேலை ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, அந்தக் கடைக் கடிதம் வேண்டாம். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அவர் உங்களைப் பயப்படுத்துவது வேறொரு விசாவின் கதையை வைத்து. படிப்புக்கும் வேலை அனுபவத்துக்கும் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் வழி ஒன்று கனடாவில் உண்டு. அங்கே வேலை செய்யாத வருடங்கள் புள்ளியைக் குறைக்கும். கணவன் மனைவியைக் கூப்பிடும் வழியில் புள்ளியே கிடையாது. உங்கள் கலியாணம் மெய்யானதா, குற்றமோ பாதுகாப்புச் சிக்கலோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் கணவர் மூன்று வருடம் உங்களுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கிறார். மனைவியை மட்டும் கூப்பிடுகிற ஆளுக்கு இவ்வளவு சம்பளம் இருக்கவேண்டும் என்ற வரையறைகூட இல்லை. அப்படியிருக்க, நீங்கள் மூன்று வருடம் அம்மாவைப் பார்த்ததற்கு யார் உங்களைத் தள்ளப்போகிறார்கள்?

ஆனால் ஒன்று. வேலை இல்லாத காலம் இருக்கலாம், எழுதாத காலம் இருக்கக்கூடாது. ஐஎம்எம் 5669 என்ற பாரம் கேட்பது 18 வயதிலிருந்து, அல்லது கடந்த பத்து வருடம், இரண்டில் எது கிட்டவோ அதை. உங்களுக்குப் பத்து வருடம். 2009இல் போர் முடிந்தபோது இருந்த முகாம் காலம் இந்தப் பகுதிக்குள் வராது, அதை நினைத்துப் பயப்படவேண்டாம். வேலை செய்யாத நாட்களில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லி அந்தப் பாரமே சொல்கிறது. ஒரு வரி முடிகிற மாதத்தில் அடுத்த வரி தொடங்கவேண்டும். 'வேலை இல்லை, வீட்டில் நோயாளித் தாயைப் பராமரித்தேன், தருமபுரம், கிளிநொச்சி.' இவ்வளவுதான். கலியாணத்துக்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் இருக்கிற மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பி இருந்தால் எறிந்துவிடவேண்டாம்.

வன்னியில் யாருடைய பத்து வருடத்தையும் நூல் அறாமல் எழுத முடியாது. குளம் வற்றினால் சிறுபோகம் இல்லை, வெளிநாட்டு நிதி நின்றால் நிறுவனம் இல்லை. இது எங்கள் குற்றமாக எப்போது மாறியது?

வெடி வேலையை மறைக்கச் சொன்னது எனக்கு உண்மையில் கோபத்தைத் தந்தது. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது முகமாலையில் உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற வெயிலில் முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, உடம்பில் பாரச் சட்டை, முழந்தாளில் இருந்து றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுப்பார்கள். பக்கத்தில் சிவப்புத் தடிகள். அந்த மண்ணில் இன்றைக்குச் சனம் தென்னம்பிள்ளை வைக்கிறது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997இல் கையெழுத்தானது கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில்தான். உலகம் அதை ஒட்டாவா உடன்படிக்கை என்றே சொல்லும். இலங்கையும் 2017இல் அதில் சேர்ந்தது. அந்த நாட்டு அதிகாரியிடம் போய் இந்த வேலையை ஒளிப்பதா? தொண்டு நிறுவனத்தின் சிவில் ஊழியர் நீங்கள், படையில் இருந்தவர் இல்லை. நிறுவனத்தின் பெயர், இடம், உங்கள் பதவி மூன்றையும் எழுதி, சேவைக் கடிதம் கேட்டு எடுத்து இணையுங்கள்.

கடைக் கடிதம் எப்படிப் பிடிபடும் என்று கேட்பீர்கள். தொண்டு நிறுவனமும் கார்மென்ட்ஸும் உங்கள் பெயரில் சேமலாப நிதி கட்டியிருக்கும், கடை கட்டியிருக்காது. விசிட்டர் விசாப் பாரத்திலும் வேலை விபரம் கேட்பார்கள். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் இருந்தால் முடிந்தது. கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், கல்லாவில் நிற்கிற பொடியன் "அப்படி ஒரு ஆள் இல்லையே" என்பான். கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை. அவர் ஸ்காபரோவில், நீங்கள் தருமபுரத்தில், ஐந்து வருடம். பாரத்தின் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜென்சிக்காரரின் பெயர் எங்கேயும் இருக்காது. காசு வாங்கிக்கொண்டு இந்த விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல, கனடாவில் உரிமம் உள்ள சட்டத்தரணிக்கோ குடிவரவு ஆலோசகருக்கோதான் அனுமதி. அவரிடம் உரிம இலக்கம் கேட்டுப் பாருங்கள்.

விசிட்டர் விசாவில் போவது பற்றி உங்கள் கணவர் சொன்னது சரி. வழமையாக ஆறு மாதம் தருவார்கள். ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது, கைக்காசு என்றாலும் சட்டத்தில் அது வேலைதான். இப்படிச் செய்யலாம். ஸ்பொன்சர் விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம் வந்த பிறகு, அங்கே கணவரோடு ஒரே விலாசத்தில் இருந்துகொண்டு, அங்கே தங்கத் தந்த காலம் முடியுமுன் திறந்த வேலை அனுமதிக்குப் போடுங்கள். 2023இலிருந்து வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்த மனைவிமாருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. கட்டணம் 255 டொலர். முதலாளி பெயர் அதில் இருக்காது, எங்கும் வேலை செய்யலாம். போட்டவுடன் வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அனுமதி கையில் வரவேண்டும். அதைக் காட்டி 9இல் தொடங்கும் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுத்த பிறகுதான் வேலை. பிள்ளை பராமரிப்பு, ஆஸ்பத்திரி போன்ற வேலைகளுக்கு மெடிக்கல் முடிந்திருக்கவேண்டும், அது முடியாவிட்டால் அனுமதியிலேயே தடை எழுதியிருக்கும்.

பிறகு அனுமதி முடியுமுன் புதுப்பிக்கப் போட்டால், முடிவு வரும்வரை அதே நிபந்தனையில் வேலையைத் தொடரலாம். அந்த இடைவெளியில் ஊருக்கு வந்துபோனால் அந்த உரிமை போய்விடும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரிக்கெற் போடுமுன் இதை யோசியுங்கள்.

மாமி முறையானவரிடம் கோபிக்கவேண்டாம், நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். பெர்மிட் வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவையுங்கள். அந்த சில மாதங்கள் ஆங்கில வகுப்புக்கு என்றாலும் வீட்டுக்கு என்றாலும் உங்களுடையவை, அதையும் பிறகு ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம்.

கடைக் கடிதத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்திருந்தால் போகட்டும். பாரத்தோடு மட்டும் அதை வைக்காதீர்கள்.