கோர்ட் ஓரம்: பி.டி. மேடம் பதில்கள்

(பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி. இந்த இதழில் கூடைப்பந்துக் கேள்விகள்.)

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் யூ.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். போன் பண்ணும்போதெல்லாம் "எங்க காலேஜ் 2018-ல வர்ஜீனியாவையே ஜெயிச்சிருக்கு" என்று பெருமையடிக்கிறான். அவன் அங்கே சேர்ந்ததே போன வருஷம்தான். அப்படி என்ன பெரிய விஷயம் அது?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பெருமையடிக்கட்டும் அம்மா, தடுக்காதீர்கள். அந்தக் கல்லூரியில் படிக்கிற யாருக்கும் அதற்கு உரிமை உண்டு.

முதலில் போட்டி எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து 68 அணிகளைத் தேர்ந்தெடுத்து நாக்-அவுட் முறையில் ஆடவிடுவார்கள். ஒரு தோல்வி என்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். தகுதிச் சுற்றில் நான்கு அணிகள் கழிந்ததும் மிச்சம் 64. நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1-ஆம் இடத்து அணியோடு 16-ஆம் இடத்து அணி மோத வேண்டும். இந்த 1-க்கு 16 மோதல் 1985-லிருந்தே உண்டு. 2018 மார்ச் 16 இரவு வரை அந்த வகையில் 135 ஆட்டங்கள் நடந்திருந்தன. 135-லும் ஜெயித்தது 1-ஆம் இடத்து அணி.

அன்றைக்கு சார்லட் நகரில் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி வந்து இறங்கியபோது அந்த சீசனில் 31 வெற்றி, 2 தோல்வி. 68 அணிகளிலும் முதலிடம் அவர்களுக்குத்தான். உங்கள் மகனின் கல்லூரி? 16-ஆம் இடம். அதே ஜனவரியில் ஆல்பனி என்ற அணியிடம் 83-39 என்று, 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அங்கே செஸ் அணிக்கு இருந்த பெயர் கூடைப்பந்து அணிக்கு இல்லை. பந்தை எடுத்துவருகிற கே.ஜே. மௌராவின் உயரம் 5 அடி 8 அங்குலம். நம் ஊர்க் கல்லூரி அணிகளிலேயே அதைவிட உயரமான பையன்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள்.

இடைவேளையில் ஸ்கோர் 21-21. இரண்டாவது பாதியில் மட்டும் யூ.எம்.பி.சி. 53 புள்ளிகள் போட்டது. நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுக்கும் அணி வர்ஜீனியா. ஒரு முழு ஆட்டத்திலேயே சராசரியாக ஏறக்குறைய அவ்வளவுதான் விடுவார்கள். ஜைரஸ் லைல்ஸ் தனியாக 28 புள்ளி. தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்களில் யூ.எம்.பி.சி. 24-க்கு 12 போட்டது, வர்ஜீனியா 22-க்கு 4. முடிவு 74-54. தற்செயலாக ஒரு பந்து உள்ளே விழுந்து கடைசி நொடியில் கிடைத்த வெற்றி இல்லை இது. 20 புள்ளி வித்தியாசம்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா மெதுவாக ஆடுகிற அணி. பந்தை நிதானமாகச் சுற்றவிட்டு, எதிரணியையும் நிதானமாக ஆடவைக்கும். அப்படி ஆடினால் இரு அணிக்கும் பந்து கைக்கு வரும் தடவைகள் குறையும். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தெருவிலேயே பெரிய ஆட்டக்காரரிடம் ஒரு போர்டு சின்னப் பையன்கூட ஜெயித்துவிடலாம்; பத்து போர்டு ஆடினால் முடியாது. பலமான அணி ஆட்டத்தைச் சுருக்கினால், தன் பலம் வெளிப்படுவதற்கான நேரத்தையும் சேர்த்தே சுருக்கிக்கொள்கிறது. அதோடு வர்ஜீனியாவின் முக்கியமான வீரர் டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு உடைந்து வெளியே உட்கார்ந்திருந்தார். இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அடுத்த ஆட்டத்திலேயே யூ.எம்.பி.சி. கான்சஸ் ஸ்டேட்டிடம் 50-43 என்று தோற்றது. வர்ஜீனியா மறு வருடமே கோப்பையைத் தூக்கியது: மினியாபொலிஸில் டெக்சஸ் டெக்கை ஓவர்டைமில் 85-77. அவர்களுடைய பயிற்சியாளர் டோனி பென்னட் தோற்ற இரவில் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, எதிரணியைப் பாராட்டி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன விதத்தை விளையாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மகனிடம் வளாகத்தில் இருக்கும் நாய்ச் சிலையைப் பற்றிக் கேளுங்கள். பரீட்சைக்கு முன்னால் அதன் மூக்கைத் தடவிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

கேள்வி: இதெல்லாம் ஒரு நாள் அதிர்ஷ்டம் மேடம். நூறு தடவை ஆடவிட்டால் பெரும்பாலும் பெரிய அணிதான் ஜெயிக்கும். இதைப் போய் ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்?
— வாசகர், மதுரை

உங்கள் கணக்கு சரி. 2025 வரை இந்த 1-க்கு 16 ஆட்டங்கள் 160 நடந்திருக்கின்றன; சின்ன அணி ஜெயித்தது இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டாவது எப்படி வந்தது என்று பாருங்கள், அப்புறம் அதிர்ஷ்டம் என்று சொல்ல மனசு வருகிறதா பார்ப்போம்.

2023. நியூஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம். முந்தைய சீசனில் 4 வெற்றி, 22 தோல்வி. முதல்நிலைப் பிரிவில் இருந்த 363 அணிகளில் சராசரி உயரத்தில் கடைசி அணி. அவர்கள் தங்கள் லீக் கோப்பையைக்கூட வெல்லவில்லை. ஜெயித்த மெரிமாக் கல்லூரி கீழ்ப்பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்ததால் விதிப்படி போக முடியாது என்று இவர்களுக்கு இடம் கிடைத்தது. எதிரே பர்டியூ. அதன் நடுவில் 7 அடி 4 அங்குலத்தில் சாக் ஈடி. அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர்.

இந்த நிலைமையில் நூற்றுக்குத் தொண்ணூறு பயிற்சியாளர்கள் என்ன செய்வார்கள்? வளையத்துக்கு அடியில் கூட்டமாக நின்று, ஆட்டத்தை மெதுவாக்கி, எப்படியாவது வித்தியாசத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். டோபின் ஆண்டர்சன் நேர்மாறாகச் செய்தார். கோர்ட் முழுக்க ஓடவிட்டார். ஃபுல் கோர்ட் பிரஸ். பந்தை எடுத்துவருகிற பர்டியூ பையன்கள் முதல் வருட மாணவர்கள். அவர்களை ஒவ்வொரு அடிக்கும் மறித்தார்கள். ஈடிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்றார்கள். வெளியே நிற்பவர்கள் தூரத்திலிருந்து எறியட்டும் என்று விட்டார்கள். எறிந்தார்கள், 26-க்கு 5தான் விழுந்தது. ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். ஆனால் கடைசிக் கட்டத்தில் அவர் கைக்குப் பந்து போவதே அரிதாகிவிட்டது. 63-58.

இதற்கு இரண்டு நாள் முன்னால், தகுதிச் சுற்றில் ஜெயித்த கையோடு, பர்டியூவைப் பார்க்கப் பார்க்க நம்மால் முடியும் என்றே தோன்றுகிறது என்று ஆண்டர்சன் தன் பையன்களிடம் சொன்னது கேமராவில் பதிவாகியிருந்தது. நிறையப் பேர் அதைத் திமிர் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எதிரணியின் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்துவைத்திருந்தவர் பேசிய பேச்சு அது.

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. 1996-ல் பிரின்ஸ்டன், நடப்பு சாம்பியன் யூ.சி.எல்.ஏ.வைச் சந்தித்தது. பிரின்ஸ்டனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஓடினால் யூ.சி.எல்.ஏ. பையன்களைப் பிடிக்க முடியாது. ஆகவே பிரின்ஸ்டன் பயிற்சியாளர் பீட் கேரில் ஓடவே விடவில்லை. பாஸ், பாஸ், இன்னொரு பாஸ். பந்துக்காக டிஃபென்டர் ஒரு அடி முன்னால் வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் நழுவி உள்ளே போய், வளையத்துக்குப் பக்கத்திலிருந்தே போடும் லேஅப். பேக்டோர் என்பார்களே, அதுதான். கடைசி ஆறு நிமிடம் இருக்கும்போது 41-34 என்று பின்தங்கியிருந்தார்கள். அப்புறம் யூ.சி.எல்.ஏ. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 3.9 நொடி பாக்கி இருக்கும்போது கேப் லெவுலிஸ் அதே பேக்டோரில் போய்ப் போட்டார். 43-41.

ஒருவர் ஓடினார், ஒருவர் ஓட மறுத்தார். இருவருமே தங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, ஆட்டம் எந்த வடிவத்தில் நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள். நான் கொண்டாடுவது அந்த முடிவைத்தான்.

கேள்வி: பெண்கள் போட்டியில் இப்படி நடந்ததே இல்லையா?
— கல்லூரி மாணவி, திருச்சி

நடந்திருக்கிறது கண்ணு, அதுவும் ஆண்களுக்கு இருபது வருடம் முன்னாலேயே! 2018-ல் வர்ஜீனியா தோற்ற அன்று "வரலாற்றில் முதல்முறை" என்று ஊரெல்லாம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

1998 மார்ச் 14. 16-ஆம் இடத்திலிருந்த ஹார்வர்ட் பெண்கள், 1-ஆம் இடத்து ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று வென்றார்கள். அதுவும் எங்கே? ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கத்தில். பெண்கள் போட்டியில் ஆரம்பச் சுற்றுகளைப் பெரிய அணிகளின் ஊரிலேயே நடத்துவது வழக்கம், ஆகவே கூட்டம் முழுக்க எதிரணிக்குக் கத்துகிற கூட்டம். ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி, 13 ரீபவுண்ட். அந்த சீசனில் நாட்டிலேயே அதிகப் புள்ளி சராசரி அவருடையதுதான். அப்படி ஒருவர் இருக்கும் அணியை 16-ஆம் இடத்தில் வைத்ததே தவறு என்பது என் அபிப்பிராயம். ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் போட்டிக்குச் சற்று முன்பு முழங்கால் காயத்தால் விலகியிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் காயம்பட்ட பெரிய அணியை மற்ற சின்ன அணிகளும்தான் சந்தித்திருக்கின்றன. பெண்கள் போட்டியில் 2025 வரை வேறு எந்த 16-ஆம் இடத்து அணியும் ஜெயிக்கவில்லை. பயிற்சியாளர் கேத்தி டிலேனி-ஸ்மித். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்.

கேள்வி: ஜெயித்த சின்ன அணிகள் அப்புறம் என்ன ஆகின்றன?
— வாசகர், சென்னை

பெரும்பாலும் கலைந்துவிடுகின்றன. எனக்கு மனவருத்தம் தருகிற பகுதி இது.

2022-ல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், 15-ஆம் இடத்திலிருந்து வந்து கென்டக்கியை ஓவர்டைமில் 85-79 என்று சாய்த்தது. அப்புறம் மர்ரே ஸ்டேட், அப்புறம் பர்டியூ. கடைசி எட்டு வரை போன முதல் 15-ஆம் இடத்து அணி. அங்கே வட கரோலினாவிடம் தோற்ற சில நாட்களிலேயே பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வீரர்களில் பலரும் வேறு கல்லூரிகளுக்கு. ஃபேர்லி டிக்கின்சனின் ஆண்டர்சனும் பர்டியூவை வென்ற அதே 2023 மார்ச்சில் அயோனாவுக்கு மாறினார்.

2021-லிருந்து மாணவர்கள் ஒரு சீசன் காத்திருக்காமலே கல்லூரி மாறலாம். விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அதே வருடம் அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் சம்பாதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வருடக்கணக்காக அவர்கள் வியர்வையில் மற்றவர்கள்தான் பணம் பார்த்தார்கள். ஆனால் சின்னக் கல்லூரியில் நன்றாக ஆடும் பையனை அடுத்த வருடமே பெரிய கல்லூரி அள்ளிக்கொண்டு போகிறது. 2025 ஆண்கள் போட்டியில் கடைசி 16-க்கு வந்த அத்தனை அணிகளும் நான்கே நான்கு பெரிய லீகுகளைச் சேர்ந்தவை.

இன்னொரு செய்தி. 2018-ல் யூ.எம்.பி.சி.யின் பயிற்சியாளராக இருந்த ரயன் ஓடமை 2025-ல் தன் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? வர்ஜீனியா. அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்தான்.

கேள்வி: மேடம், அடுத்த மாதம் மண்டலப் போட்டியில் எங்களுக்கு முதல் ஆட்டமே போன வருட சாம்பியனோடு. அவர்கள் போஸ்ட் பிளேயர் (வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவள்) ஆறு அடி. எங்களில் உயரமானவள் ஐந்தடி ஐந்து. எப்படி ஆடலாம்?
— கல்லூரி அணி கேப்டன், திண்டுக்கல்

பிரின்ஸ்டன் மாதிரி ஆட உங்களால் முடியாது அம்மா. அமெரிக்கக் கல்லூரி ஆண்களுக்கு இன்று ஒரு ஷாட்டுக்கு 30 நொடி, நமக்கு 24தான். அதிலும் பொறுமையாகப் பாஸ் போட ஒரு வருடப் பயிற்சி வேண்டும், ஒரு மாதம் போதாது.

ஆகவே அந்த ஆறடிப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, அவளுக்குப் பந்து கொடுக்கிற பெண்ணைப் பாருங்கள். உங்களில் வேகமான இருவர் அவளை அவர்கள் பாதியிலேயே மறிக்கட்டும். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதி உங்கள் பக்கம் இருக்கிறது. எட்டாவது நொடியில் தாண்டினாலும் பதினாறு நொடிதான் மிச்சம். போஸ்ட்டுக்கு முன்னால் நில்லுங்கள், பின்னால் நின்று தள்ளாதீர்கள். ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஷாட் போனதும் ஐந்து பேரும் ஆளுக்கு ஒருத்தியை முதுகால் மறித்து பாக்ஸ் அவுட் செய்ய வேண்டும், பந்தை வேடிக்கை பார்க்கக் கூடாது. இப்படி நாற்பது நிமிடம் ஓட ஐந்து பேர் போதாது, எட்டுப் பேராவது வேண்டும். ஆகவே பெஞ்சில் இருக்கும் பெண்களை இன்றிலிருந்தே முழு பிரஸ்ஸில் பழக்குங்கள். மாலைப் பயிற்சியில் பாதி நேரம் இதற்குப் போகட்டும்.

மூன்று புள்ளி ஷாட் உங்களில் யாருக்கு நன்றாக விழுகிறது, அவர்கள் அணியில் பந்தை எடுத்துவருகிற பெண்ணுக்கு இடது கை வருமா வராதா என்ற இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. போன வருட ஆட்டத்தை யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். கிடைத்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், போட்டிக்கு முன்னால் பதில் போடுகிறேன்.