கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு தன்வரலாறு

கேள்வி: கேக், குடில், உறவினர் வருகை என்றே கிறிஸ்துமஸ் லீவு ஓடிவிடுகிறது. என்னை நானே கொஞ்சம் திரும்பிப் பார்க்க எதைப் படிக்கலாம்? – வாசகி, நாகர்கோவில்

பதில்: தலித் கிறிஸ்தவ எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறு, 1992-ல் வந்த 'கருக்கு' படியுங்கள். தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் நீட்டுகிறார், பார்க்கிற சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, அப்புறம் நம் சாதிக்காரர் தொட்டால் தீட்டு என்பதுதான் காரணம் என்று அண்ணன் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, நம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு எந்தத் தம்ளரில் காபி கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். கன்னியர் மடத்தில் சேர்ந்ததையும் வெளியேறியதையும் பாமா மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நமக்கு அந்தப் பக்கங்கள்தான் அதிகம் உறுத்தும், தாண்டிப் போய்விடாதீர்கள். சின்னப் புத்தகம்தான், 24-ஆம் தேதி இரவுப் பூசைக்கு முன் முடித்துவிடலாம்.