கேமரா பதிவு ஓடவில்லையா? கேள்வி பதில்

என்.வி.ஆர், டி.வி.ஆர் (கேமராப் படத்தைப் பதியும் ரெக்கார்டர் பெட்டிகள்), கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டு என எதிலிருந்து எடுத்த பதிவானாலும் கேட்கலாம். கேட்கும்போது நான்கு விவரம் வேண்டும்: எந்தக் கம்பெனி ரெக்கார்டர், பதிவை எப்படி எடுத்தீர்கள் (பென் டிரைவ், ஆப், பிரவுசர்), கோப்பின் அளவு, திறந்தால் என்ன செய்தி வருகிறது. பதில் வரும்வரை மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, நகலில் மட்டும் எதையும் சோதியுங்கள்.

திண்டுக்கல், மளிகைக்கடை: சார், என்.வி.ஆரிலிருந்து பென் டிரைவில் எடுத்த வீடியோ லேப்டாப்பில் ஓடவில்லை. சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு. விண்டோஸ் 10. ஃபைல் கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை. சத்தம் வருகிறது என்றால் கோப்பு திறக்கிறது, படத்தை அவிழ்க்கத்தான் உங்கள் பிளேயருக்குத் தெரியவில்லை. இப்போது வரும் கேமராக்கள் பெரும்பாலும் எச்.265 என்ற படச் சுருக்க முறையில் பதிகின்றன. விண்டோஸோடு வரும் பிளேயருக்கு அதற்கான எக்ஸ்டென்ஷனை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாக வாங்கிப் போட வேண்டும். வி.எல்.சி பிளேயருக்கு அது தேவையில்லை, டீகோடர் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "இலவச கோடெக் பேக்" என்று வரும் எதையும் போடாதீர்கள்.

வி.எல்.சியில் படம் வந்தும் திக்கித் திக்கி ஓடினாலோ பச்சைக் கோடுகள் தெரிந்தாலோ, டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ஹார்டுவேர் டீகோடிங்கை 'டிஸேபிள்' செய்து பாருங்கள். பழைய கிராஃபிக்ஸ் சிப்புகள் எச்.265-ஐப் பாதி புரிந்துகொண்டு படத்தைக் குழப்பும். 8 மெகாபிக்சல் பதிவென்றால் பழைய லேப்டாப் எப்படியும் திணறும், வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள்.

இனிமேல் எல்லா இடத்திலும் ஓட வேண்டுமானால் கேமராவின் வீடியோ செட்டிங்கில் பழைய முறையான எச்.264-க்கு மாற்றலாம். ஆனால் அதே தெளிவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். கடைக்கு ஒரு வி.எல்.சி போட்டு வைப்பதே லாபம்.

கரூர்: ஃபைல் பேரு .டேவ்னு முடியுது. எம்.பி.4-னு பேரை மாத்தினேன், அப்பவும் ஓடலை.

பதில்: பெயர் மாற்றினால் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுதான் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. முதலில் பழைய பெயரையே திரும்ப வையுங்கள்.

.டேவ் என்பது டாஹுவா கம்பெனியும் அதே அடிப்படையில் தயாராகும் மற்ற பிராண்டுகளும் பயன்படுத்தும் பெட்டி, அதாவது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வடிவம். மூன்று வழி இருக்கிறது. ரெக்கார்டரில் பதிவு இன்னும் இருந்தால், பேக்கப் மெனுவில் வடிவத்தை எம்.பி.4 என்று தேர்ந்து மறுபடி எடுங்கள். பதிவு அழிந்து கோப்பு மட்டும் கையில் இருந்தால் டாஹுவாவின் ஸ்மார்ட்பிளேயரில் திறந்து அங்கிருந்தே எம்.பி.4 ஆக ஏற்றுமதி செய்யலாம். இரண்டுக்கும் வசதியில்லை என்றால் வி.எல்.சி: பிரிஃபரன்சஸின் கீழ் மூலையில் 'ஆல்' தேர்ந்து, இன்புட்/கோடெக்ஸ், டீமக்ஸர்ஸ் போய், டீமக்ஸ் மாட்யூலில் எச்.264 அல்லது எச்.265 வீடியோ டீமக்ஸரைக் கொடுங்கள். படம் தெரியும், சத்தம் வராது, வேகமும் மாறலாம். பார்த்து முடித்ததும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற வீடியோக்கள் எதுவும் ஓடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய, எச்.எக்ஸ்.டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் உள்ளே இருப்பதை அப்படியே காட்டும் மென்பொருள்) நகலைத் திறந்து முதல் நான்கு எழுத்தைப் பாருங்கள். டி-எச்-ஏ-வி என்றால் டாஹுவா வகை. ஐ-எம்-கே-எச் என்றால் ஹிக்விஷன். எம்.பி.4 என்று பெயர் இருந்தாலும் அதற்குள் இருப்பது பெரும்பாலும் எம்பெக்-பி.எஸ் என்ற வேறு வடிவ ஓடை. முதல் பக்கம் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் கோப்பு சரியாக எழுதப்படவே இல்லை, எந்தப் பிளேயராலும் பயனில்லை.

தாம்பரம்: அண்ணா, ஹிக்விஷன் எம்.பி.4 கம்ப்யூட்டர் வி.எல்.சில ஓடுது. போன் கேலரில ஓடலை, எடிட்டிங் சாஃப்ட்வேரும் எடுக்கலை.

பதில்: மேலே சொன்ன ஐ-எம்-கே-எச் கதைதான் தம்பி. வி.எல்.சி பெயரை நம்பாமல் உள்ளே பார்க்கும், கேலரி பெயரை நம்பி ஏமாறும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் 'எம்பெக்-பி.எஸ்' என்று காட்டும்.

இதற்குப் பெட்டி மாற்றம் போதும், மறு குறியாக்கம் (படத்தையே அவிழ்த்து மறுபடி சுருக்குவது) வேண்டாம். எஃப்.எஃப்.எம்பெக் என்ற கட்டளை எழுதி ஓட்டும் கருவியில் வீடியோவுக்கு 'காப்பி', ஒலிக்கு 'ஏ.ஏ.சி' கொடுங்கள். ஒலியையும் 'காப்பி' கொடுத்தால் பல சமயம் பிழை வரும், ஏனென்றால் கேமரா ஒலி பெரும்பாலும் ஜி.711 என்ற வடிவம், அதை எம்.பி.4-க்குள் வைக்க எஃப்.எஃப்.எம்பெக் மறுக்கும். கட்டளை எழுதப் பழக்கமில்லை என்றால் லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் போட்டு எம்.கே.வி ஆக எடுங்கள். மறு குறியாக்கம் செய்தால் ஒரு மணி நேரப் பதிவு கம்ப்யூட்டரை நெடுநேரம் ஓட்டும், முகமும் நம்பர் பிளேட்டும் மழுங்கும். 'காப்பி' என்றால் சில நிமிடங்களில் முடியும், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

ஆப்பிள் போனுக்கு என்றால் வீடியோ டேகை எச்.வி.சி.1 என்று கொடுக்க வேண்டும். எச்.இ.வி.1 என்று இருந்தால் குவிக்டைம் திறக்காது.

விருதுநகர்: சார் எனக்கும் சத்தம் வருது, படம் வரலை.

பதில்: திண்டுக்கல் நண்பருக்குச் சொன்ன பதிலேதான்.

நாகர்கோவில்: கம்ப்யூட்டரில் நேரடியாக ரெக்கார்ட் செய்கிறேன். கரண்ட் போய் வந்தபின் அந்த மணி நேர எம்.பி.4 மட்டும் திறக்கவில்லை. 1.6 ஜி.பி இருக்கிறது. 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்கிறது.

பதில்: நான்கு விவரமும் தந்திருக்கிறீர்கள், நன்றி. 1.6 ஜி.பி இருப்பதால் படம் உள்ளேதான் இருக்கிறது. எந்தச் சட்டகம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணைதான் 'மூவ்'. சாதாரண எம்.பி.4-இல் அது பதிவு முடியும்போது கடைசியாக எழுதப்படும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் அட்டவணை இல்லை, பிளேயருக்கு வழியும் இல்லை.

அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல மாதிரிக் கோப்பு வேண்டும்: அதே கேமரா, அதே ரெசல்யூஷன், அதே கோடெக் (எச்.264 அல்லது எச்.265), அதே ஒலி அமைப்பு. வேறு கேமராவின் கோப்பைக் கொடுத்தால் குப்பைதான் வரும். நடுவில் செட்டிங் மாற்றியிருந்தால், பழைய செட்டிங்கைத் திரும்ப வைத்து ஐந்து நிமிடம் புதிதாகப் பதிந்து அதை மாதிரியாகக் கொடுங்கள். ஒலி சற்று விலகலாம், படம் பெரும்பாலும் மீளும்.

இனிமேல் பதிவை எம்.கே.வி ஆகவோ துண்டு எம்.பி.4 (அட்டவணையை அவ்வப்போது எழுதிக்கொண்டே போகும் வகை) ஆகவோ வையுங்கள், ஒரு கோப்புக்கு 5 அல்லது 10 நிமிடம் போதும். கரண்ட் போனால் கடைசிச் சில நொடிகள்தான் போகும். ரெக்கார்டருக்கும் பி.ஓ.இ சுவிட்சுக்கும் (நெட்வொர்க் கேபிள் வழியே கேமராவுக்குக் கரண்ட் கொடுப்பது) சேர்த்து யு.பி.எஸ் கொடுங்கள், ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது வீண்.

ஓசூர்: என்.வி.ஆர் செத்துப்போச்சு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டேன். 'இனிஷியலைஸ் டிஸ்க்' கேக்குது. ஓகே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 'கேன்சல்' கொடுத்து, கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கைக் கழற்றுங்கள். ரெக்கார்டர்கள் விண்டோஸுக்குத் தெரியாத கோப்பு முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்காகத் தெரிகிறது, அதனால் கேட்கிறது. இனிஷியலைஸ், ஃபார்மட், செக் டிஸ்க் மூன்றில் எதற்கும் சம்மதிக்காதீர்கள். முதலில் ரெக்கார்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், 'செத்துப்போன' பெட்டிகளில் பல அதிலேயே எழுந்துவிடும். இல்லையென்றால் அதே மாடல் பெட்டியைத் தேடி அதில் மாட்டுங்கள், ஆனால் அதுவும் திரையில் ஃபார்மட் கேட்டால் நிறுத்திவிடுங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் கரண்டே கொடுக்காமல் டேட்டா ரெகவரி செய்பவரிடம் போங்கள்.

தென்காசி: ஓடலை, ஹெல்ப் பண்ணுங்க.

பதில்: மேலே கேட்ட நான்கு விவரம் இல்லாமல் பதில் சொல்ல வழியில்லை.

சேலம், கேமரா நிறுவுபவர்: சார், மூலக் கோப்பு மூலக் கோப்புன்னு ஏன் பயமுறுத்துறீங்க? ஸ்டேஷன்ல .டேவ் கொடுத்தா 'ஓடலை, எம்.பி.4 கொண்டா'ன்னுதான் சொல்றாங்க. கன்வெர்ட் பண்ணிக் கொடுத்தா வேலை முடிஞ்சுது.

பதில்: எம்.பி.4 கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டையும் கொடுங்கள் என்கிறேன். பார்ப்பதற்கு எம்.பி.4, வழக்குக்கு மூலம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும், அதற்கான படிவம் அட்டவணையில் ஏ, பி என இரண்டு பகுதியாக இருக்கிறது. அந்தப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு (கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பு சற்று மாறினாலும் இதுவும் மாறும்) இடம் உண்டு. கன்வெர்ட் செய்த கோப்பின் ஹாஷ் வேறு, மூலத்தின் ஹாஷ் வேறு. கன்வெர்ட் செய்துவிட்டு மூலத்தை அழித்தால், 'இதில் வெட்டவில்லை, ஒட்டவில்லை' என்பதை எதை வைத்துக் காட்டுவீர்கள்?

சேலம், கேமரா நிறுவுபவர்: ஹாஷ் எல்லாம் கடைக்காரர் எங்க போய் எடுப்பார்?

பதில்: 7-ஜிப் போட்ட கம்ப்யூட்டரில் கோப்பின் மேல் ரைட் கிளிக், 'சி.ஆர்.சி எஸ்.எச்.ஏ', 'எஸ்.எச்.ஏ-256'. வரும் 64 எழுத்தை அப்படியே காப்பி செய்து, தேதி, ரெக்கார்டர் மாடல், சீரியல் நம்பரோடு எழுதி வைக்க வேண்டும். சில நிமிட வேலை. நிறுவுபவராகிய நீங்கள்தான் அதைக் கடைக்காரருக்குச் செய்து தர வேண்டும்.

மதுரை, வழக்கறிஞர்: மூலம் என்பது ரெக்கார்டரின் டிஸ்க். பென் டிரைவில் எடுத்த .டேவ் கோப்பே நகல்தானே?

பதில்: சரி சார், நகல்தான். அதனால்தான் சான்றிதழே தேவைப்படுகிறது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றி 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: கருவியையே உரியவர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம், நகலைக் கொடுத்தால் கட்டாயம். நான் 'மூலக் கோப்பு' என்பது ரெக்கார்டர் முதலில் வெளியே தந்த கோப்பை. அதற்குப் பின் எந்தக் கன்வெர்ட்டரும் தொடாத கோப்பு.

சேலம், கேமரா நிறுவுபவர்: வாட்ஸ்அப்ல அனுப்பினாலே வாங்கிக்கிறாங்களே?

பதில்: வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பர் முதலில் அங்கேதான் அழியும். அவசரத்துக்கு அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி வரை போகும். வெளிநபரின் 'ஆன்லைன் கன்வெர்ட்டர்' தளத்தில் மட்டும் ஏற்றாதீர்கள், அது உங்கள் வாடிக்கையாளரின் வீட்டுப் படம். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், காத்திருப்பவர்கள் நிறைய.

பொள்ளாச்சி: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: இங்கே ஓடாத பதிவுகள் மட்டும்.

அரக்கோணம்: போன மாசப் பதிவு வேண்டும். 8 கேமரா, 2 டி.பி டிஸ்க்.

பதில்: கேமராவுக்கு 4 எம்.பி.பி.எஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்றால் மணிக்கு 1.8 ஜி.பி, நாளுக்கு 43.2 ஜி.பி. எட்டுக்கும் நாளுக்கு 345.6 ஜி.பி. டிஸ்க் 6 நாளுக்குள் நிறைந்து பழையதன் மேலேயே எழுதிவிடும். போன மாசப் பதிவு இருக்காது. சம்பவம் நடந்த அன்றே பதிவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அம்பத்தூர், தொழிற்கூடம்: கிளிப் ஓடுகிறது. முதல் சில நொடி சாம்பல் நிறம், நடுவில் கட்டம் கட்டமாக உடைகிறது. எந்தப் பிளேயரிலும் அதே இடத்தில்தான்.

பதில்: எல்லாப் பிளேயரிலும் ஒரே இடம் என்றால் குறை பதிவிலேயே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு காரணம். முழுப் படம் சில நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகும், இடையில் மாற்றங்கள் மட்டும். கிளிப் இடையில் தொடங்கினால் அடுத்த முழுப் படம் வரும்வரை சாம்பல்தான். எச்.265 பிளஸ் (இன்னும் அதிகமாகச் சுருக்கும் வகை) போட்டிருந்தால் இந்த இடைவெளி இன்னும் நீளும். தேவையான நேரத்துக்கு 30 நொடி முன்பிருந்தே எடுங்கள்.

நடுவில் உடைவது பாக்கெட் இழப்பு, அதாவது கேமரா அனுப்பிய தரவில் ஒரு பகுதி வழியில் தொலைவது. வைஃபை கேமரா என்றால் சிக்னலைப் பாருங்கள். கேபிள் என்றால் அது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், நீண்ட தூரத்துக்கு பி.ஓ.இ கொடுத்தால் இரவில் ஐ.ஆர் (இன்ஃப்ராரெட்) விளக்கு எரியும்போது கேமரா தடுமாறும். 90 மீட்டரைத் தாண்டி இழுக்காதீர்கள். ரெக்கார்டரில் டிரான்ஸ்போர்ட் (தரவு அனுப்பும் முறை) யு.டி.பி என்று இருந்தால் டி.சி.பி ஆக்குங்கள். ஏற்கனவே உடைந்த பகுதியை மீட்க முடியாது.

ஆவடி: கேமராவின் மெமரி கார்டில் எல்லாம் 256 எம்.பி அளவில் எச்.ஐ.வி 00000 என்று கோப்புகள். சில ஓடுது, சில பாதியில் நிற்குது.

பதில்: ஹிக்விஷன் கார்டில் முன்கூட்டியே அந்த அளவில் இடம் பிடித்து வைக்கும். ஒரு கோப்புக்குள் பல நேரத்துப் பதிவுகள் இருக்கும், பாதி காலியாகவும் இருக்கலாம். கார்டைக் கழற்றிப் பார்ப்பதைவிடக் கேமராவிலேயே மாட்டி, பிரவுசரில் பிளேபேக் பக்கத்தில் நேரம் தேடி இறக்குங்கள். விண்டோஸ் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்டால் மறுத்துவிடுங்கள்.

திருச்சி: .264 கோப்பு ரொம்ப வேகமா ஓடுது.

பதில்: பெட்டி இல்லாத வெறும் ஓடை, அதில் நேரக் குறிப்பு இல்லை. பிளேயர் நொடிக்கு 25 படம் என்று எடுத்துக்கொள்கிறது. கேமரா 15-இல் பதிந்திருந்தால் 10 நிமிடம் 6 நிமிடத்தில் ஓடிவிடும். எஃப்.எஃப்.எம்பெக்கில் உள்ளீட்டுக்கு முன் ஃபிரேம் ரேட் 15 கொடுத்து 'காப்பி' செய்யுங்கள்.

கடலூர்: எனக்கும் .டேவ் கோப்பு, பேரை மாத்தினேன்...

பதில்: கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பெயரைத் திரும்ப வையுங்கள்.

பெரம்பலூர்: ஈஸ்விஸ் கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டா வெறும் குப்பைப் படம்.

பதில்: படத்தைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி (என்கிரிப்ஷன்) போட்டிருக்கும். கேமராவின் ஸ்டிக்கரில் உள்ள ஆறு எழுத்து வெரிஃபிகேஷன் கோடுதான் தொடக்கச் சாவி. கம்பெனியின் சொந்த ஆப்பிலோ கம்ப்யூட்டர் மென்பொருளிலோ அதைக் கொடுத்துத் திறங்கள். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் பழைய பதிவுக்குப் பழைய கடவுச்சொல்தான் வேண்டும்.

காரைக்குடி: திருட்டு நடந்தது இரவு 1 மணி. அந்த நேரத்தில் எடுத்த கிளிப்பில் ஒன்றுமே இல்லை.

பதில்: ரெக்கார்டர் கடிகாரத்தையும் உங்கள் போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெக்கார்டர் இரண்டரை மணி நேரம் முன்னே காட்டினால் அது சீன நேரத்தில் இருக்கிறது, 3:30-இல் தேடுங்கள். ஐந்தரை மணி நேரம் பின்னே காட்டினால் முந்தின நாள் தேதியில் இரவு 7:30-இல் தேடுங்கள். கடிகாரத்தை இப்போதே திருத்தாதீர்கள், முதலில் பதிவை எடுங்கள். இரண்டு கடிகாரமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.