ஆக்கள் வருகினம், காசு நிக்குதில்லை: போர்ட்ரெய்ட் எடுக்கிற ஒரு தம்பிக்குப் பதில்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில இருந்து 28 வயசுத் தம்பி ஒராள் எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொன்னால், 3 வருஷமா கலியாணவீடுகளுக்கு ரெண்டாவது கமராக்காரனாப் போய் வந்தவர், போன வருஷம் சொந்தமா ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டிருக்கிறார், இப்ப குடும்பப் படம், பிள்ளையளின்ர படம், தனியாள் படம் மட்டும்தான் எடுக்கிறாராம். ஒரு ஷூட்டுக்கு 12,000 ரூபா, நல்லா வந்த எல்லாப் படத்தையும் எடிற் பண்ணிக் குடுப்பார், கிட்டத்தட்ட 80 படம். மாசம் 10 வேலை வருது, ஆனா மாசக் கடைசியில பெற்றோலுக்கு அம்மாட்டக் கேக்க வேண்டிக்கிடக்கு. பக்கத்து ஊரில வேற ஒராள் 7,000க்கு எடுக்கிறாராம், "அண்ணை, நானும் விலையைக் குறைக்கவோ?" எண்டு கேக்கிறார்.

குறைக்காதேங்கோ தம்பி. 7,000க்கு எடுக்கிற பெடியன் வீட்டில சாப்பிட்டு, வேற ஒரு வேலைக்கும் போய்க்கொண்டு, சனி ஞாயிறில கமராவைத் தூக்கிறவரா இருப்பார், வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை. அவரோட விலையில மல்லுக்கட்டி உங்களால வெல்ல ஏலாது. அவர் களைச்சு விட்டிட்டுப் போனாலும் அடுத்த வருஷம் இன்னொராள் 6,000க்கு வருவார், இதை நான் 20 வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

முதல்ல உங்கட கணக்கைப் பாப்பம். நீங்கள் எழுதின மணல்காட்டு ஷூட்டையே எடுப்பம், அந்தப் பழைய தேவாலயத்தடியில எடுத்தது. போய்வர 2 மணித்தியாலம், எடுத்தது ரெண்டரை, 400 படத்தைக் கொம்பியூட்டரில இறக்கித் தெரிவு செய்ய ஒண்டரை, 80 படத்தை ஒண்டுக்கு 6 நிமிஷம் எண்டு வச்சாலும் எடிற்றுக்கு 8, பேந்து ஏத்தி அனுப்பி வட்ஸ்அப்பில "அண்ணா இதில கன்னம் கொஞ்சம் குண்டாத் தெரியுது" எண்டு வாறதுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு மணித்தியாலம். மொத்தம் 15. பெற்றோல் 1,500, ரிஃப்ளெக்டர் பிடிக்க வந்த பெடியனுக்கு 2,500 போக உங்கட கையில 8,000. மணித்தியாலத்துக்கு 533 ரூபா! அதுவும் கடைச் செலவு ஒண்டும் கழிக்க முதல்.

அந்தமாதிரி 10 வேலை எண்டால் 80,000. அதில வாடகை 30,000, கரண்ட் 9,000, போனும் இன்ரநெற்றும் 5,000, எடிற் பண்ணுற சொஃப்ட்வெயாருக்கு 4,000, கழிச்சால் 32,000. கமரா, ரெண்டு லென்ஸ், லைற், கொம்பியூட்டர் எல்லாம் சேத்து 9 லட்சம் எண்டு எழுதியிருக்கிறியள், அது 5 வருஷம் உழைக்கும் எண்டு வைச்சால் மாசம் 15,000 ஒதுக்க வேணும், நீங்கள் ஒரு சதமும் ஒதுக்கேல்லை. ஒதுக்கினால் மிஞ்சிறது 17,000. தம்பி, அதுதான் உங்கட உண்மையான மாசச் சம்பளம், 150 மணித்தியால வேலைக்கு.

இதில இன்னொரு விசயம், சாமான் தேய்மானத்தை வாங்கின விலையில கணக்குப் போடக்கூடாது, திருப்பி வாங்கிற விலையிலதான் போட வேணும். 2022 பங்குனியில டொலர் 200 ரூபாவில இருந்து ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனது ஞாபகம் இருக்கும். கமரா விலை எங்களுக்கு டொலரிலதான் வருது. முதல் நாள் வரைக்கும் "என்னட்டக் காசு இருக்கு, அடுத்த வருஷம் மாத்துவம்" எண்டு இருந்த ஆக்கள் எத்தினை பேர் அதோட நிண்டு போச்சினம், நானும் ஒரு லென்ஸுக்கு ஒண்டரை வருஷம் காத்துக்கிடந்தனான்.

சரி, மாசம் 1 லட்சம் சம்பளம் எடுக்க வேணும் எண்டு வைப்பம், குடும்பம் நடத்த அதுவும் இப்ப பெரிய காசில்லை. கடைச் செலவு 48,000, தேய்மானம் ஆகக் குறைஞ்சது 15,000, திருத்த வேலை அது இது எண்டு 7,000, மொத்தம் 1,70,000. 10 வேலையால பிரிச்சால் 17,000, அதோட ஒவ்வொரு ஷூட்டுக்கும் போற கைச்செலவு 4,000. ஆக 21,000. நீங்கள் வாங்கிறது 12,000. வித்தியாசம் 9,000 எங்க இருந்து வரும் எண்டதுதான் கேள்வி, விலையை எப்பிடிக் குறைக்கிறது எண்டதில்லை.

நாளைக்கே 21,000 எண்டு பேஸ்புக்கில போட்டால் ஒருத்தரும் வராயினம், அது எனக்கும் தெரியும். நான் என்ன செய்தனான் எண்டு சொல்லுறன். 80 படம் குடுக்கிறதை முதல்ல நிப்பாட்டினன். 80 படத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை, 5 படத்தை ஸ்டேற்றஸில போடுவினம், மிச்சம் போனுக்குள்ள செத்துப்போம். 20 படம், வடிவா எடிற் பண்ணினது, 14,000. எடிற் நேரம் 8 மணித்தியாலத்தில இருந்து மூண்டாக் குறையும், அந்த 5 மணித்தியாலம் உங்கட காசு. அதுக்குப் பிறகு பிறின்ற். 12க்கு 18 அளவில நல்ல பேப்பரில பிறின்ற் எடுத்து பிறேமும் போட எனக்கு 4,000 அளவில முடியும், 11,000க்கு விக்கிறன், 7,000 நிக்குது. 14,000ம் 7,000ம் 21,000. எல்லாரும் வாங்கமாட்டினம் எண்டது உண்மைதான், ஆனா வாங்கிற ஆக்களில சிலர் மூண்டு வாங்குவினம், ஒண்டு தங்களுக்கு, ஒண்டு கனடாவில இருக்கிற தமையனுக்கு, ஒண்டு மாமிக்கு. (இதுக்காக 45 மெகாபிக்ஸல் கமரா லீசிங்கில எடுக்கப் போகாதேங்கோ. 12க்கு 18, அங்குலத்துக்கு 300 புள்ளி எண்டால் 3600க்கு 5400, ஏறத்தாழ 19 மெகாபிக்ஸல். உங்களிட்ட இருக்கிற 24 தாராளம்.)

பிறின்ற் விக்கிறது எப்பிடி எண்டால், படத்தை வட்ஸ்அப்பில அனுப்பினீங்களெண்டால் கதை முடிஞ்சுது, வட்ஸ்அப் அதைச் சுருக்கிப்போடும், அவையளும் சின்ன ஸ்கிரீனில பாத்திட்டு "நல்லா இருக்கு அண்ணா" எண்டு சொல்லுவினம், அவ்வளவுதான். ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுங்கோ, ரீ குடுங்கோ, ஒரு 43 அங்குல ரீவியில போட்டுக் காட்டுங்கோ. சுவரில உண்மையான அளவில ரெண்டு மூண்டு பிறேம் தொங்கட்டும். அம்மாமார் ரீவியைப் பாக்க முதல் அந்தச் சுவரைத்தான் பாப்பினம்.

எங்கட ஊரில பிறின்ற்றின்ர பெறுமதியை ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. 1995 ஐப்பசிக் கடைசியில சண்டையால வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு ஓடேக்க ஆக்கள் அல்பத்தை விட்டிட்டுத்தான் ஓடினவை, திரும்பி வந்து பாக்க வீடே இல்லை. இண்டைக்கும் மாசத்தில ரெண்டு மூண்டு பேர் வெளிநாட்டுச் சொந்தக்காரரிட்ட மிஞ்சின ஒரேயொரு படத்தை ஸ்கான் பண்ணி எடுப்பிச்சுக்கொண்டு வந்து, இதைத் துப்பரவாக்கிப் பெரிசாக்கித் தாங்கோ எண்டு நிக்கினம். அது நல்ல வேலை, மழை மாசத்தில செய்யக்கூடிய வேலை, ஒரு படத்துக்கு எடுத்த நேரத்தைக் கணக்குப் பாத்துக் காசு வாங்குங்கோ, இரக்கப்பட்டு 500க்குச் செய்யாதேங்கோ.

இதோட சேத்து நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிறது பெரியாக்களின்ர படம். ஒருநாள் ஒரு குடும்பம் செத்துப்போன அம்மாவின்ர அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு, அதுதான் 31ம் நாள் குடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, படம் வேணும் எண்டு வந்தது, கையில இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அந்த அம்மாவுக்கு 4 பிள்ளையள், 11 பேரப்பிள்ளையள், வீட்டில ஐஞ்சு ஸ்மார்ட் போன், ஆனா முகம் நேராத் தெளிவா இருக்கிற படம் ஒண்டும் இல்லை. முகத்தை வெட்டி வேற ஒராளின்ர சீலைக்கு மேல ஒட்டித்தான் குடுத்தனான், இப்பவும் அந்த வேலை எனக்கு வெக்கம். அண்டையில இருந்து எந்தக் குடும்ப ஷூட்டிலயும் தாத்தா, அம்மம்மா நிண்டால் அவையைத் தனிய ஒரு 10 நிமிஷம் எடுக்காமல் விடமாட்டன்.

ஆனா வாயைத் திறந்து எதுக்கெண்டு சொல்லிப்போடாதேங்கோ, அவலமாப் போயிடும். "பேரப்பிள்ளையளுக்கு ஒரு படம் அம்மா" எண்டு சொன்னால் காணும். பத்து மணிக்கு முன்னம் விறாந்தையில கதிரையைப் போட்டு, வெயில் நேரா விழாத இடத்தில, வெளிச்சம் பக்கத்தால வாறமாதிரி இருத்துங்கோ. 85 மில்லிமீற்றர் லென்ஸ் எண்டால் முகத்துக்கு மிச்சம் கிட்டப் போகத் தேவையில்லை, அவையளும் கூச்சப்படாயினம். பல்லில்லாததால வாயைப் பொத்துவினம், சிரியுங்கோ எண்டு சொல்லக்கூடாது, ஆட்டைப்பற்றி, முருங்கையைப்பற்றி, கோப்பாயில தோட்டம் செய்த காலத்தைப்பற்றிக் கேளுங்கோ, கை தானாக் கீழ இறங்கும். அப்ப எடுங்கோ. நான் எடுத்ததில அதிகம் பிறேம் போட்டு வித்தது இந்தப் படங்கள்தான், வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் விலையே கேக்கிறேல்லை.

தோலை வெள்ளையாக்கித் தரச்சொல்லிக் கேப்பினம். நான் செய்யிறேல்லை. லைற்றை ஒழுங்கா வைச்சு, முகத்துக்கு எக்ஸ்போஷர் பாத்து எடுத்தால் கறுத்த முகம் எவ்வளவு வடிவா மினுங்கும் எண்டு ரீவியில காட்டினாப்பிறகு திருப்பிக் கேட்ட ஆள் குறைவு. மா பூசினமாதிரி ஆக்கி அனுப்பினால் அது உங்கட பேரோட ஊர் சுத்தும்.

வேலை எப்ப வரும் எண்டதுக்கு வருவம். கலியாணவீட்டுக் கமராக்காரருக்கு ஆடியும் மார்கழியும் செத்த மாசம். உங்களுக்கு அப்பிடியில்லை, எதிர்மாறு. ஆடி எண்டது ஜூலை நடுவில இருந்து ஆகஸ்ட் நடு, வெளிநாட்டில பள்ளிக்கூட லீவு, லண்டன், சுவிஸ், கனடா எல்லாம் இஞ்சதான் நிக்கும், அதோட ஒட்டினமாதிரி நல்லூர்க் கொடியேறி 25 நாள் திருவிழா. மார்கழி எண்டால் நத்தார் லீவு. மூண்டு தலைமுறையும் ஒரே வீட்டில சேருற நாள் வருஷத்தில இந்த ரெண்டு தரம்தான். வைகாசியிலயே வெளிநாட்டு ஆக்களுக்கு அறிவிச்சு, அட்வான்ஸ் பாதி வாங்கி நாளைக் குறியுங்கோ. அட்வான்ஸ் இல்லாமல் நாள் குடுக்காதேங்கோ, சொந்தக்காரருக்கும்தான், முக்கியமாச் சொந்தக்காரருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளிவேலை நம்பேலாது, அந்த ரெண்டு மாச வாடகையையும் ஆடியில உழைக்கிறதில இருந்து இப்பவே ஒதுக்கி வைக்கிறது நல்லம்.

நாளாந்தச் சோத்துக்குப் பாஸ்போட் படமும் இருக்கு, ஆனா குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதிச்ச ஸ்டூடியோவிலதான் எங்கட பாஸ்போட்டுக்கு எடுக்கலாம், படம் ஒன்லைனில திணைக்களத்துக்கு நேராப் போகும். அந்த அனுமதிக்கு விண்ணப்பியுங்கோ, அதுக்கு முதல் வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில முடிச்சுக்கொள்ளுங்கோ. மற்றது அளவு பிழைக்கக்கூடாது: கனடா பாஸ்போட்டுக்கு 50க்கு 70 மில்லிமீற்றர், அமெரிக்காவுக்கு 2க்கு 2 அங்குலம், ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீற்றர். பிழையா அடிச்ச படத்தால ஒருத்தற்ற விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்தத் தெரு முழுக்க உங்களிட்ட வராது.

பேச்சில ஒண்டும் விடாதேங்கோ. எத்தினை படம், எப்ப குடுக்கிறது, ரெண்டாந்தரம் மாத்தச் சொன்னால் எவ்வளவு, படத்தைப் பேஸ்புக்கில போடலாமோ இல்லையோ, நாலு வரியில வட்ஸ்அப்பில அனுப்பி "ஓம்" எண்டு பதில் வாங்கிறது காணும். சாமத்தியவீட்டுப் பிள்ளையளின்ர படத்தை விளம்பரத்துக்குப் போடுறதை நான் தாய்தகப்பன் ஓமெண்டாலும் செய்யிறேல்லை, அது 12, 13 வயசுப் பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேணும். நிறைய ஸ்டூடியோக்காரர் இதில என்னோட கோவம், பரவாயில்லை.

படம் எடுத்த அண்டைக்கே ரெண்டு ஹாட் டிஸ்க்கில போடுங்கோ, ஒண்டு வீட்டில, ஒண்டு ஸ்டூடியோவில. எனக்கு ஒருக்கா டிஸ்க் செத்து, அந்தக் குடும்பம் அதுக்குள்ள சுவிஸுக்குப் பிளேன் ஏறீட்டுது, காசைத் திருப்பிக் குடுத்தன், ஆனா அவையின்ர முகத்துக்கு இப்பவும் முழிக்க ஏலாது. எங்கட உப்புக்காத்துக்கும் ஈரத்துக்கும் லென்ஸுக்குள்ள பூஞ்சணம் வரும், டிரை கபினெற் வாங்கேலாட்டி காத்துப்போகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கோ, ஜெல்லை மாசத்துக்கு ஒருக்காச் சூடாக்கிக் காய வைக்க மறக்காதேங்கோ.

புது விலை எப்ப இருந்து எண்டும் கேப்பியள். ஏற்கனவே நாள் குறிச்ச ஆக்களுக்குப் பழைய 12,000தான், 80 படம்தான், அதில கை வைக்காதேங்கோ. வாற மாசம் முதலாம் திகதிக்குப் பிறகு போன் எடுக்கிற முதல் ஆளுக்குப் புது விலையைச் சொல்லுங்கோ, சொல்லிப்போட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கோ, உங்கட வாயால "ஆனா குறைச்சும் செய்யலாம்" எண்டு வர முதல் அவை கதைக்கட்டும்.